வாய்க்கால் கரையில் ஒரு சைக்கிள் சவாரி

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், மலையும் கடலும் சந்திக்கும் ஒரு கழிமுகத்தை ஒட்டி ஓடிய ரயில் பாதை 1965-இல் மூடப்பட்டது. இன்று அதில் கார், லாரி இல்லாமல் சைக்கிள்கள் போகின்றன, நடப்பவர்களுக்கும் இடமுண்டு. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் பாதை சமதளம், மிதிப்பது சுலபம்.

நம் ஊரில் அதே சௌகரியத்தைத் தருவது வாய்க்கால் கரை. கோவையில் கணபதி வழியாகப் போகும் சத்தி ரோட்டில் புளியம்பட்டி சென்று திரும்பினால் பவானிசாகர் அணை. அங்கே மலையடிவாரத்தில் புறப்படும் கீழ்பவானி வாய்க்காலின் நீளம் சுமார் 200 கிலோமீட்டர். தண்ணீர் தானாக ஓடுவதற்காக மிக மெல்லிய சரிவில் வெட்டியது. கரையோர மண் பாதைகளிலும் பெரிய மேடு பள்ளம் இருக்காது.

ஜல்லியும் மண்ணும் கலந்த பாதைக்கு 40 மில்லிமீட்டர் அகல டயர் ஏற்றது. காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் அதிர்வைத் தாங்கும், பிடிமானமும் கூடும். அணையை ஒட்டிய பகுதி யானைகள் நடமாடும் இடம். அதிகாலையிலும் அந்தியிலும் அங்கே போக வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது கரை விளிம்பை விட்டு விலகியே ஓட்டுங்கள்.