இடக்கையின் ஆட்காட்டி விரல்

வீட்டில் நாம் நான்கு வெங்காயம் நறுக்குகிறோம். ஓட்டலிலும் மாணவர் விடுதியிலும் கல்யாண வீட்டிலும் அது மூட்டைக் கணக்கு. காலைச் சிற்றுண்டி முடிந்து பகல் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் அத்தனையும் நறுக்கியாக வேண்டும். அங்கு வேலை செய்பவரின் இடக்கையைச் சற்றுப் பாருங்கள், தோழியரே! ஆட்காட்டி விரலிலோ கட்டைவிரலிலோ பெரும்பாலும் ஒரு பழைய தழும்பு இருக்கும். வலக்கை கத்தியை ஓட்ட, காயைப் பிடித்திருப்பது இடக்கையன்றோ!

கூரான கத்தியே கையை வெட்டும் என்று நாம் எண்ணுகிறோம். மழுங்கிய கத்திதான் அதைவிடப் பொல்லாதது. கூரான கத்தி, வைத்த இடத்தில் இறங்கும். மழுங்கியதோ தக்காளித் தோலிலும் வெங்காயச் சருகிலும் வழுக்கும், அழுத்தினால்தான் இறங்கும், அழுத்திய வேகத்தில் விரலில் போய் நிற்கும். ஈரக் கையும், ஆடுகிற பலகையும், அவசரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பலகையின் அடியில் ஓர் ஈரத்துணியை மடித்துப் போட்டால் அது நகராது. காயைப் பிடிக்கும் விரல்களின் நுனியை உள்ளே மடக்கி, கணுக்களை முன்னே நிறுத்திப் பழகினால் கத்தி நுனியைத் தொடாது.

அரிவாள்மனையின் கதை வேறு. கத்தியில் அலகு காயிடம் வருகிறது. அரிவாள்மனையில் இரு கைகளும் அலகிடம் போகின்றன. வேலை முடிந்ததும் அதை மடக்காமலோ படுக்க வைக்காமலோ எழுந்து போவது, பிறர் காலுக்குக் கண்ணி வைப்பது போன்றது. இன்னோர் ஆபத்து கழுவும் தொட்டியில் இருக்கிறது. சோப்பு நுரையின் அடியில் கிடக்கும் கத்தி யார் கண்ணுக்கும் தெரியாது. பாத்திரம் துலக்க வருபவர் கை விட்டபின்தான் தெரியும். கத்தியைத் தொட்டியில் போடாமல் அப்போதே கழுவித் துடைத்து வைக்க வேண்டும். கைதவறி விழும் கத்தியைப் பிடிக்கவும் கூடாது. காலை விலக்கிக்கொண்டு விழ விட வேண்டும்.

“சின்ன வெட்டுத்தானே” என்று சொல்வதில்தான் பெரிய தீங்கு ஒளிந்திருக்கிறது. நம் விரல்களில் அவற்றை மடக்கும் தசை கிடையாது. அந்தத் தசை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து கயிறு போல நீண்டு வரும் தசைநாண்களே விரலை இழுத்து மடக்குகின்றன. அவை உள்ளங்கைப் புறத்தில் தோலுக்குச் சற்று அடியிலேயே ஓடுகின்றன. விரலின் இரு பக்கமும் நரம்பும் இரத்தக்குழாயும் உண்டு. ஆகவே அரை அங்குல வெட்டுகூட நாணை அறுத்துவிடலாம். இரத்தம் நின்றுவிடும், தோலும் கூடிவிடும், விரல் மட்டும் மடங்காது. அடிபட்டவுடன் ஒவ்வொரு கணுவும் மடங்குகிறதா, நுனியின் இரு பக்கமும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாள் கடந்தால் அறுந்த நாண் உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போய்விடும்.

கை அறுவைச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் பெயர் உண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களுக்கு நாண்களை மாற்றிப் பொருத்தி உயிர் கொடுத்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் தைத்த நாண் பழைய வலுவைப் பெற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

முதலுதவி எளியது. குழாய் நீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பித் தூளையும் மஞ்சளையும் அப்புவது நம்மிடம் ஊறிய பழக்கம்; காயத்தை அழுக்காக்குவதும், டாக்டருக்கு அதன் ஆழம் தெரியாமல் மறைப்பதுமே அதன் பலன். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்க வேண்டும். விரல் துண்டாகிவிட்டால், ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்; பனிக்கட்டி துண்டின்மீது நேரே படலாகாது.

இத்தனையும் தெரிந்தும் காயத்தை மறைப்பவர் பலர். சீழ்ப்பிடித்த விரலிலிருந்து உணவில் சேரும் கிருமி ஒருவகை நச்சை உண்டாக்கும். கிருமி கொதியில் செத்தாலும் அந்த நச்சு அழிவதில்லை. எனவேதான் திறந்த காயம் உள்ளவர் உணவைத் தொடலாகாது என உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. நல்ல விதிதான். ஆனால் வீட்டில் இருக்கும் நாளுக்குக் கூலி யார் தருவது? ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் பதிவான தொழிலாளிக்கு, வேலையில் பட்ட காயத்தால் உழைக்க முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். பதிவு செய்து சந்தா கட்டுவது முதலாளியின் கடமை. சமையல் மேஸ்திரியோடு ஊர் ஊராகக் கல்யாணங்களுக்குப் போய்க் காய் நறுக்கும் பெண்களின் பெயரோ பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. அவர்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மூட்டையை அவிழ்க்கிறார்கள்.