ஆணுறுப்பு வளைவு: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

விறைப்பின்போது ஆணுறுப்பு சற்றே வளைந்திருப்பது பலருக்கும் இயல்புதான். நேராக இருந்தது நடுவயதில் வளையத் தொடங்கினால் காரணம் தேட வேண்டும். வெட்கப்பட்டு மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைப்பவர்கள் நம்மிடையே உண்டு. பலரது பயம் புற்றுநோய். இது புற்றுநோய் அன்று.

"எப்போதிருந்து?" என்பதே மருத்துவரின் முதல் கேள்வி. பருவ வயது முதலே வளைவு இருந்து, வலியோ தடிப்போ இல்லையென்றால் அது பெரும்பாலும் பிறவி வளைவு. இடையில் வந்து, தொட்டால் கெட்டியான தடிப்பும் தெரிந்தால் பெய்ரோனி நோய். 1743-இல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. உறுப்பின் உள்ளுறையில் தழும்பு விழுந்த பக்கம் விரிய மறுக்கிறது. ஆகவே அந்தப் பக்கமே வளைகிறது.

உறுப்பைச் சோதிக்க வந்தவர் உள்ளங்கையையும் பார்ப்பார், வியக்க வேண்டாம். விரல்கள் மடங்கிப்போகும் டுப்யூட்ரன் நோய் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இனிப்புநீர் உண்டா என்றும் விசாரிப்பார்.

வளைவைக் காட்ட, வீட்டிலேயே கைப்பேசியில் எடுத்த படம் உதவும். துல்லியமாக அறிய, ஊசி மருந்தால் விறைப்பை உண்டாக்கிக் கோணத்தை அளப்பார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இரத்த ஓட்டத்தையும், தழும்பில் சுண்ணாம்பு படிந்துள்ளதா என்பதையும் காட்டும். சதையை வெட்டிச் சோதிப்பது பொதுவாகத் தேவைப்படாது.

வலி நீடித்தாலோ வளைவு மாறிக்கொண்டே இருந்தாலோ நோய் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். அறுவைச் சிகிச்சை காத்திருக்கும். உறவின்போது 'படக்'கென்ற ஓசையுடன் விறைப்பு தளர்ந்து, வீக்கம் கண்டால் மட்டும் காத்திருக்கக்கூடாது. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.