புதிய பதிப்பு போட்டதும் மெமரி பசி கூடுவது ஏன்?

நேற்று வரை ஒழுங்காக ஓடிய புரோகிராம். பைத்தான் மொழியின் புதிய பதிப்பை நிறுவினீர்கள். புரோகிராமில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் இன்று கம்ப்யூட்டர் திணறுகிறது. உடனே "ராம் போதவில்லை" என்று முடிவு கட்டி, டவுன்ஹால் ரோடு கடைகளுக்குக் கிளம்பிவிடாதீர்கள். மொழியின் புதிய பதிப்பு, மெமரியை ஒதுக்கும் முறையை மாற்றியிருக்கலாம்.

2019ல் வந்த தமிழக பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றது. அதனால் மதுரை, மேலூர், திருமங்கலம் வீடுகளிலும் இந்த மொழி நுழைந்துவிட்டது. எனவே இந்த விஷயத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

மெமரி ஒதுக்கீடு என்றால்?

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் பஸ்ஸுக்கு ஓர் இடம் தரப்படுகிறது. பஸ் கிளம்பியதும் அந்த இடம் அடுத்த பஸ்ஸுக்கு. ராம் நினைவகத்திலும் இதுதான் நடக்கிறது. எந்தத் தகவலுக்கு எவ்வளவு இடம், எப்போது காலி செய்வது என்பதைப் பைத்தான், ஜாவா போன்ற மொழிகள் தாமே பார்த்துக்கொள்கின்றன. பதிப்பு மாறினால் இந்த விதிகளும் மாறலாம்.

தமிழுக்கு எத்தனை பைட்?

"மதுரை" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள். பழைய பைத்தான் 3.2ல், விண்டோஸில் ஒரு குறியீட்டுக்கு 2 பைட். ஆக மதுரைக்கு 10 பைட். லினக்ஸ் தொகுப்புகள் பலவற்றில் 4 பைட். ஆக 20 பைட்.

2012 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.3 இதை மாற்றியது. ஆங்கிலம் மட்டும் இருந்தால் 1 பைட், தமிழ் இருந்தால் 2, இமோஜி இருந்தால் 4. லினக்ஸ்காரர்களுக்குத் தமிழில் பாதி இடம் மிச்சம். விண்டோஸில் தமிழுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 10 லட்சம் குறியீடுகள் கொண்ட தமிழ் உரை, விண்டோஸில் சுமார் 20 லட்சம் பைட் பிடிக்கும். அதன் கடைசியில் ஒரே ஒரு சிரிக்கும் முகத்தைச் சேர்த்தால்? பழைய பதிப்பில் கூடுதலாக 4 பைட்தான். 3.3 முதல் முழு உரையும் 40 லட்சம் பைட் ஆகிவிடும்! ஒரு நீளமான பஸ் வந்ததற்காக ஸ்டாண்டில் உள்ள எல்லா இடங்களையும் நீட்டிக் கட்டுவது போல.

ஏன் இப்படி? எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் இருந்தால்தான் ஆயிரமாவது எழுத்தைச் சட்டென்று எடுக்க முடியும். மேலும், விண்டோஸில் பழைய பதிப்பு ஓர் இமோஜியை இரண்டு எழுத்தாக எண்ணியது. அந்தத் தவறும் சரியானது.

இதற்கு எளிய வழி உண்டு. முழு உரையையும் ஒரே சரமாக வைக்காமல் வரி வரியாகப் பிரித்து வையுங்கள். இமோஜி உள்ள வரி மட்டுமே பெருக்கும்.

ஜாவாவிலும் இதே கதை

முன்பு ஜாவாவில் பெரிய உரையிலிருந்து நான்கு எழுத்தை வெட்டி எடுத்தால், அந்தத் துண்டு இருக்கும் வரை முழு உரையும் மெமரியை விட்டுப் போகாது. 2012ல் வந்த ஜாவா 7, அப்டேட் 6ல், துண்டைத் தனியாக நகல் எடுக்கும் முறை வந்தது. மெமரி அடைப்பு தீர்ந்தது. ஆனால் ஒரே உரையை ஆயிரக்கணக்கில் வெட்டிய புரோகிராம்கள் முன்பைவிட அதிக மெமரி கேட்டன, வேகமும் குறைந்தது. பதிப்பு எண்கூட மாறாத சின்ன அப்டேட்தான் இது!

பைத்தான் 3.13க்காக, பயன்படாத மெமரியைத் திரட்டும் புதிய முறை ஒன்று தயாரானது. சில புரோகிராம்கள் மெதுவானதால், 2024 அக்டோபர் 7ல் இறுதிப் பதிப்பு வருமுன் அதை நீக்கிவிட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. புதிய பதிப்பைப் போடுமுன், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். புரோகிராம் ஓடும்போது மெமரி என்ற பத்தியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பழைய பைத்தானை நீக்காமல் புதியதைத் தனியாக நிறுவுங்கள். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம்.

3. அதே பைலை வைத்து, அதே வேலையைப் புதியதில் செய்து, எண்ணை ஒப்பிடுங்கள். ஒருமுறை போதாது; மூன்று முறை பாருங்கள்.

4. வித்தியாசம் பெரிதாக இருந்தால், அந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பைப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அதற்காகப் பழைய பதிப்பிலேயே தங்கிவிடக் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் புதிய பதிப்புகள்தான். முதலில் அளந்து பாருங்கள், பிறகு மாறுங்கள். ராம் வாங்கும் பணம் மிச்சமாகலாம்.