எழுதி முடிச்சாச்சா? இனிமேதான் வேலையே!

ப்ராஜெக்ட் ரிப்போர்ட், எஸ்ஓபி, நம்ம இதழுக்கு ஒரு கட்டுரை... எதுவா இருந்தாலும் கடைசி வரியை டைப் பண்ணின கையோடு அனுப்பிவிடுவதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். ஆனா கோடு கம்பைல் ஆனதுமே வேலை முடிஞ்சதுன்னு விட்டுடுவோமா? டெஸ்ட் பண்ணுவோம்ல! எழுத்துக்கு அந்த டெஸ்டிங்தான் எடிட்டிங். எல்லாத்தையும் ஒரே நேரத்தில் பார்க்காமல் 3 ரவுண்டாகப் பிரித்துக்கொண்டால் சுலபம்.

ரவுண்டு 1: விஷயம்

எழுத்துப்பிழையை இப்போ தொடாதீங்க. ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரலையா? அந்தப் பத்தியில் விஷயம் இல்லை, அல்லது இரண்டு மூன்று விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. வெட்டுங்க, இல்லைன்னா பிரிங்க. பிழையெல்லாம் திருத்திய பிறகு பத்தியையே தூக்கினால் அத்தனை உழைப்பும் வீண். அதனால்தான் இது முதலில்.

ரவுண்டு 2: வாக்கியம்

ரிப்போர்ட்டுகளில் இந்த மாதிரி வாக்கியம் நிறைய வரும்:

"நிலத்தின் ஈரப்பதமானது சென்சாரின் மூலமாக அளவீடு செய்யப்பட்டு, மோட்டாரை இயக்கும் செயலானது மேற்கொள்ளப்படுகிறது."

10 சொற்கள். பார்க்க கம்பீரமா இருக்கு. ஆனா மோட்டார் எப்போ ஓடும்? சொல்லவே இல்லை. இப்படி மாற்றலாம்:

"சென்சார் நிலத்தின் ஈரத்தை அளக்கும், ஈரம் குறைந்தால் மோட்டார் ஓடும்."

8 சொற்கள்தான், விடுபட்ட விஷயமும் வந்துவிட்டது. 'செய்யப்பட்டு', 'மேற்கொள்ளப்படுகிறது', 'ஆனது' வரும் இடத்திலெல்லாம் நின்று, யார், எதை, எப்போது என்று கேளுங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கப்போவதும் அதைத்தான்.

ரவுண்டு 3: எழுத்து

தங்லிஷில் டைப் பண்ணும் நமக்கு ல-ள-ழ, ன-ண, ர-ற தடுமாற்றம் சகஜம். 'வழி தெரியவில்லை' என்பதற்குப் பதில் 'வலி தெரியவில்லை' என்று அடித்தால், பாதை கேட்டவருக்கு மயக்க ஊசி போட்ட கதை ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால், சொல்லைத் தனியாகப் பார்க்கும் ஸ்பெல் செக்கருக்கு இது சிக்காது. ஒற்றும் அப்படித்தான். 'தந்த பெட்டி' என்றால் யாரோ கொடுத்த பெட்டி. 'தந்தப் பெட்டி' என்றால் தந்தத்தில் செய்த பெட்டி. ஒரே ஒரு 'ப்' சேர்ந்ததும் யானையே உள்ளே வந்துவிடுகிறது!

கடைசியாக, ஓர் இரவு ஆறப்போட்டுவிட்டு, முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். நாக்கு தடுமாறும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள். டெட்லைன் நாளைக்கேன்னா, ஒரு டீயாவது குடிச்சிட்டு வந்து வாசிங்க.