கேம்தண்டும் மசகெண்ணெயும்

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறத்தில், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லையூர் மீனாட்சிபுரம். ஊரின் ஒரு பக்கம் பொள்ளாச்சி. மறுபக்கம் சிற்றூர், பாலக்காடு. கோடையில் இச்சமவெளியின் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டுவதுண்டு. பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கோடையில் இத்தகைய ஏற்றத்தில் செல்லும் மோட்டார் எஞ்சினுக்கு, நல்ல மசகெண்ணெய் உயிர்நாடி போன்றது.

இவ்வட்டாரத்திற்கு மோட்டார்ப் பந்தயமும் புதியதன்று. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடம், 1995இல் மறைந்த பந்தயக் கார் வடிவமைப்பாளர் எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கியது. அதற்கு முன்னர், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1990 முதல் அவை ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற்கு மாறின. எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கப் பந்தய வீரர்கள் கையாளும் முறைகளுள் கேம்தண்டை மாற்றுவதும் ஒன்று. அவ்வாறு மாற்றப்பட்ட எஞ்சினுக்கு எந்த எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது? இக்கேள்விக்கு விடை காண்பது, பழைய மோட்டார் சைக்கிளையும் காரையும் வைத்திருப்போர் அனைவருக்கும் பயன்தரும்.

கேம்தண்டின் வேலை

எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறப்பது கேம்தண்டு. முட்டை வடிவில் ஒரு புறம் புடைத்த கேம் சுழலும்போது, அப்புடைப்பு டாப்பெட் என்னும் உறுப்பைத் தள்ளுகிறது. டாப்பெட் வால்வைத் திறக்கிறது. வால்வை மீண்டும் மூடுவது ஸ்பிரிங்கின் பொறுப்பு. பந்தயக் கேமில் புடைப்பு உயரமாகவும் சரிவு செங்குத்தாகவும் இருக்கும். வால்வு அதிக உயரத்திற்குத் திறந்து, அதிக நேரம் திறந்தே நிற்பதால், மிகுதியான காற்றும் எரிபொருளும் உட்புகும். உயர்ந்த வேகத்தில் வால்வு கேமைவிட்டு விலகித் துள்ளாமலிருக்க, விறைப்பான ஸ்பிரிங்கும் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. தட்டையான அடிப்பாகமுடைய டாப்பெட்டும் கேமும் ஒன்றையொன்று தொடும் இடம், அகலம் மிகக் குறைந்த ஒரு கோடு போன்றது. ஆகவே சாதாரண எஞ்சினிலேயே அவ்விடத்தில் சதுர சென்டிமீட்டருக்குப் பல ஆயிரம் கிலோகிராம் அழுத்தம் உண்டாகிறது. கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம்தான் என்பதை எண்ணினால் இதன் கடுமை விளங்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு கூடினால் அழுத்தமும் கூடும்.

திருவொற்றியூரில் 1955 முதல் உருவான பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சின், அம்பாசடர் காரின் பழைய 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் ஆகியவை இவ்வாறு கேம் உராய்ந்து செல்லும் வகையைச் சேர்ந்தவை. இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் கேமின் கீழ் ஓர் உருளை உருண்டு செல்வதால், உராய்வு மிகவும் குறைவு. பழைய எஞ்சினுக்கும் புதிய எஞ்சினுக்கும் எண்ணெய்த் தேவை வேறுபடுவதன் முதற்காரணம் இதுவே.

எண்ணெய்ப் படலமும் ரசாயனக் காப்பும்

தண்டும் அதனைத் தாங்கும் பேரிங்கும் வேகமாகச் சுழலும்போது, இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று தானாகவே உருவாகி, உலோகங்கள் தொடாமல் காக்கிறது. கேமின் உச்சியிலோ இப்படலம் மிக மெலிந்துவிடுகிறது. உலோக மேடுகள் ஒன்றையொன்று உரசும் அந்நிலையில், எண்ணெயின் கெட்டித்தன்மை மட்டும் போதாது. ரசாயனத் துணை தேவை.

அத்துணையை அளிப்பது துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் என்னும் சேர்மம். 1940களில் மசகெண்ணெயில் சேர்க்கப்பட்டபோது, எண்ணெய் ஆக்சிகரணமடைவதையும் பேரிங்குகள் அரிக்கப்படுவதையும் தடுப்பதே இதன் நோக்கமாக இருந்தது. தேய்மானத்தைத் தடுக்கும் ஆற்றலும் இதற்கு உண்டென்பது பின்னரே நன்கு உணரப்பட்டது. உராய்வின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இச்சேர்மம் சிதைந்து, உலோகத்தின் மீது கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாகப் படிகிறது. அப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவே. தேய வேண்டிய உலோகத்திற்குப் பதிலாக இப்படலம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் மீண்டும் படிகிறது.

அவ்வாறாயின் எல்லா எண்ணெயிலும் இதனை மிகுதியாகச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். எண்ணெயில் ஒரு சிறு பகுதி எரிந்து புகையுடன் வெளியேறுகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ், புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கலத்தின் மேற்பரப்பில் படிந்து அதன் செயலைக் கெடுக்கிறது. ஆகவே மெல்லிய கார் எண்ணெய்களில் பாஸ்பரஸின் மேல்வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1990களின் முற்பகுதியில் எடையில் 0.12 சதவீதமாக இருந்த வரம்பு, 1996இல் 0.10 ஆகவும், 2004இல் வெளிவந்த ‘எஸ்.எம்.’ தரத்தில் 0.08 ஆகவும் ஆயிற்று. உருளை டாப்பெட் எஞ்சினுக்கு இது போதுமானது. விறைப்பான ஸ்பிரிங்குடன் பந்தயக் கேம் பூட்டிய பழைய எஞ்சினுக்கு இது போதாமற்போகலாம்.

விலை உயர்ந்த, புதிய தரத்து, மெல்லிய எண்ணெயே சிறந்தது என்னும் எண்ணம் பழைய எஞ்சினுக்குப் பொருந்தாமற்போவது இதனால்தான்.

டப்பாவைப் படிக்கும் முறை

எண்ணெய் டப்பாவில் மூன்று குறிப்புகளை நோக்க வேண்டும்.

முதலாவது, கெட்டித்தன்மை. 20டபிள்யூ-50 என்பதில் முதல் எண் குளிர்நிலையையும், இரண்டாம் எண் 100 பாகை வெப்பத்தில் உள்ள நிலையையும் குறிக்கும். அவ்வெப்பத்தில் 30 எண் எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 எண்ணுக்கு 16.3 முதல் 21.9 வரை. பனிநாடுகளுக்கென அமைந்த 0டபிள்யூ வகையின் தேவை பாலக்காட்டுச் சமவெளியில் இல்லை. குளிர்காலத்தில் 0 பாகையை ஒட்டி இறங்கும் மூணாற்றிலும் 20டபிள்யூ எண்ணெய் எஞ்சினுக்குள் தடையின்றி ஓடும். இடைவெளிகள் சற்று அகன்ற பழைய எஞ்சினுக்கு, கோடையில் 20டபிள்யூ-50 பொருத்தமானது.

இரண்டாவது, தரக்குறி. மேற்கூறிய 0.08 என்னும் வரம்பு 20, 30 என்னும் மெல்லிய எண்களுக்கே உரியது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் கெட்டியான எண்ணெய் எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் மிகுதியாக இருக்கும் என்று கொள்ளலாகாது. தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளைப் பார்ப்பதே முறை. விறைப்பான ஸ்பிரிங் பூட்டிய தட்டை டாப்பெட் எஞ்சினுக்கு 0.10 முதல் 0.14 சதவீதம் வரை தகும் என்பது பொதுவான கொள்கை.

மூன்றாவது, மோட்டார் சைக்கிளுக்குரிய ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் ஜப்பானியக் குறி. கிளட்ச் தட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும் வண்டிகளில், உராய்வைப் பெரிதும் குறைக்கும் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எம்.ஏ. குறியுடைய எண்ணெய் அவ்வாறு வழுக்காது. இத்தரத்தில் பாஸ்பரஸுக்கு 0.08 முதல் 0.12 வரை என்று கீழ்வரம்பும் உண்டு. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கிளட்சுக்குத் தனி எண்ணெய்ப் பெட்டி இருந்தது. 2008ஐ ஒட்டி வந்த புதிய எஞ்சினில் இரண்டுக்கும் ஒரே எண்ணெய்.

தனிக் குப்பிகளில் விற்கும் துத்தநாகச் சேர்க்கையைக் கணக்கின்றி ஊற்றுவது தவறு. அளவு மீறினால் இச்சேர்க்கையே உலோகத்தை அரிக்கக்கூடும். எண்ணெயிலுள்ள பிற பொருள்களின் சமநிலையும் குலையும்.

முதல் அரைமணி நேரம்

புதிய கேம் கெடுவது பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்திலேயே. மெதுவாக ஓடும்போது கேமுக்கு ஆபத்தில்லை என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. எஞ்சின் வேகமாக ஓடும்போது, மேலெழும் வால்வின் உந்தம் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியைக் கேமின் உச்சியிலிருந்து நீக்கிவிடுகிறது. எண்ணெயும் நன்கு தெறிக்கிறது. மெதுவாக ஓடும்போது ஸ்பிரிங்கின் முழு விசையும் உச்சியின் மீது விழுகிறது. எண்ணெயும் குறைவாகவே சென்று சேர்கிறது.

ஆதலால் பூட்டும்போதே கேமிலும் டாப்பெட்டிலும் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசையைத் தடவ வேண்டும். புதிய கேமுக்குப் புதிய டாப்பெட்டுகளையே பூட்ட வேண்டும். கார் எஞ்சினைக் கிளப்பியவுடன் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2000 சுற்று வேகத்தில், சிறிது ஏற்றியும் இறக்கியும் 20 நிமிடம் ஓட்டுவது வழக்கம். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிளை நின்ற நிலையில் இவ்வாறு ஓட்டினால் எஞ்சின் மிகையாகச் சூடேறும்; விசிறிக் காற்றோ, கேம் தயாரிப்பாளர் கூறும் வேறு முறையோ தேவை. பின்னர் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிட வேண்டும்.

வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் சிறிது ஊற்றி, அதனுள் காந்தம் ஒன்றை நகர்த்திப் பார்க்கலாம். மெல்லிய சாம்பல்நிறப் பூச்சு மட்டும் ஒட்டினால் அது இயல்பான தேய்மானம். பளபளக்கும் செதில்கள் ஒட்டினால் கேமோ டாப்பெட்டோ அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவ்விரும்புத் துகள் எண்ணெயுடன் சுழன்று பேரிங்குகளையும் பம்பையும் அரிக்குமாதலால், எஞ்சினை அப்பொழுதே நிறுத்திப் பிரித்துப் பார்ப்பது மேல். ஒரு கேமின் விலையோடு போவது, காலம் தாழ்த்தினால் முழு எஞ்சினின் விலையாக முடியும். ஸ்பிரிங்கின் விறைப்பு தவறானாலும், கேமின் உலோகம் மென்மையானாலும், எந்த எண்ணெயும் அதனைக் காக்காது என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

வகுப்பறையிலும் களத்திலும்

ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குழாய்களில் 30 எண், 50 எண் எண்ணெய்களை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு எஃகுக் குண்டை இட்டு, அது அடியை அடையும் நேரத்தைக் குறிக்கச் செய்க. பிறகு குழாய்களைச் சுடுநீரில் சிறிது நேரம் நிறுத்தி, சோதனையை மீண்டும் செய்க. வெப்பத்தால் எண்ணெய் மெலிவதை மாணவர்கள் கண்கூடாகக் காண்பர்.

களப்பணியாளர்கள் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவை மேலும் இரண்டு. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே பந்தயக் கேமுக்கு உரிய இடம் பந்தயத் தடமேயன்றிப் பொதுச்சாலை அன்று. அடுத்து, பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு. ஆழியாற்று நீர் பாயும் வயல்களும் கிணறுகளும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் அதனை மண்ணிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. மூடிய கலத்தில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு உரிமம் பெற்றோரிடம் ஒப்படைத்தலே நன்று.