வள்ளியூர் ரயிலுக்கு என்ன நாவல்?

சென்னையிலிருந்து லீவுக்கு வள்ளியூர் கிளம்புகிறீர்களா? கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்க உங்களுக்குத்தான். பையில் எந்த நாவல்?

'பொன்னியின் செல்வன்' இப்போது வேண்டாம். ஐந்து பாகம்! நாலு நாள் லீவில் வந்தியத்தேவன் பாதி வழியிலேயே நின்றுவிடுவான். சொந்தக்காரர்கள் வந்தால் சட்டென்று மூடி வைக்கவும், அவர்கள் போனதும் விட்ட இடத்தில் தொடரவும் முடிகிற புத்தகம்தான் லீவுக்குத் தோது.

தேவனின் 'துப்பறியும் சாம்பு' அப்படிப்பட்டது. ஒவ்வொரு கேஸும் தனிக்கதை. அசட்டு சாம்பு குருட்டு அதிர்ஷ்டத்தில் திருடனைப் பிடிப்பதைப் பாட்டிக்குப் பேரன் வாசித்துக் காட்டலாம், இருவருமே சிரிப்பார்கள்.

கொஞ்சம் திகில் வேண்டுமா? சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்குப் போகிறவன், பழைய ஜமீன் வீடு, ராத்திரிச் சத்தங்கள். ஊரடங்கிய பிறகு தனியாகப் படிப்பது உங்கள் தைரியம்.

போனில் படிப்பவர்கள் வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஓடுகிற ரயிலில், கொலைகாரன் யாரென்று தெரியப்போகிற நேரத்தில்தான் சிக்னல் போகும்.