வன்னியில் பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பித்தல்

வன்னிப் பெருநிலத்தின் வீதிகளில் ஓடும் வாகனங்களைச் சிறிது நேரம் உற்று நோக்குவோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், பளபளக்கும் புதிய வண்டிகளுக்கிடையே சிறிய சக்கரங்களும் அகன்ற பின்தட்டும் கொண்ட பழைய வண்டியொன்று அமைதியாக ஊர்ந்து செல்லும். அதன் பெயர் எம்.டி. 90. ஒரு காலத்தில் வன்னி மக்களின் சுமையையெல்லாம் சுமந்த வண்டி அது. இத்தகைய வண்டியொன்றைத் தேடிப் பிடித்து, கழற்றித் துடைத்து, மீண்டும் ஓடச் செய்வதை ஓய்வுநேரக் கலையாகக் கொள்வதில் பல நன்மைகள் உண்டு. கைத்திறன் வளரும், இயந்திர அறிவு கூடும். ஆயினும் வன்னியில் இக்கலைக்கு மற்றைய இடங்களில் இல்லாத ஒரு பொறுப்பும் உண்டு. அதனை அறிய வேண்டுமாயின், வண்டியின் வரலாற்றிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இலங்கைக்கு வந்த மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் பிரித்தானிய நாட்டவை. பி.எஸ்.ஏ., நோட்டன், றயம்ப் என்னும் பெயர்களை முதியோர் இன்றும் நினைவிற் கொண்டுள்ளனர். அவை வலிமை மிக்கவை. ஆனால் கனமும் விலையும் கூடியவை. சாதாரண உழவனுக்கு ஏற்ற வண்டி யப்பானிலிருந்தே வரவேண்டியிருந்தது.

அந்த யப்பானிய வண்டியின் பிறப்பே ஒரு பஞ்சகாலத்துக் கதையாகும். 1946ஆம் ஆண்டில், போரில் தோற்று நொடிந்திருந்த நாட்டில், சொயிசிரோ ஹொண்டா என்பவர் தமக்கு அறிமுகமான ஒருவரின் வீட்டில் ஒரு சிறிய இயந்திரத்தைக் கண்டார். அது படையினரின் வானொலிக் கருவிக்கு மின்சாரம் வழங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதனை மிதிவண்டியிற் பொருத்தினால் என்ன என்று அவர் எண்ணினார். எரிபொருட் தாங்கி கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க உதவும் வெந்நீர்க் குடுவையொன்றை அதற்குப் பதிலாக வைத்தார். பெற்றோலும் கிடைப்பதரிது, பைன் மரத்தின் வேரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினர். இவ்வாறு தட்டுப்பாட்டிற் பிறந்த முயற்சியே 1948ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனமாக வளர்ந்தது. 1958ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 49 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கடிப்பு இயந்திரத்துடன் 'சுப்பர் கப்' என்னும் வண்டியை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டளவில் அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைக் கடந்தது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் இத்தொகையை எட்டியதில்லை.

எம்.டி. 90 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. யப்பானிய அஞ்சற் சேவகர்களுக்கென 1970களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. ஆகையால் அதன் இயற்கை நிறம் சிவப்பு. கடிதப் பையைச் சுமக்க வலிய பின்தட்டு. அடிக்கடி நின்று புறப்படுவதற்கு ஏற்ற தாழ்ந்த கியர். கையாற் பிடிக்கும் கிளச்சு இல்லை. காலாலேயே கியரை மாற்றலாம். வீடு வீடாகக் கடிதம் கொடுக்கச் செய்த இவ்வண்டி, வயல் வயலாக விதைநெல் கொண்டு செல்லவும் ஏற்றதாயிற்று. குளக்கட்டிலும் கிரவல் வீதியிலும் வரம்போரப் பாதையிலும் அது தயங்காது சென்றது. யப்பானில் பாவித்துக் கழித்த வண்டிகள் இலங்கையில் வந்திறங்கியபோது, வன்னி அதனைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடபகுதியின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றரி முதலியவை தடைப்பட்ட பொருள்களாயின. மின்சாரமும் நின்றது. அந்நாளில் வானொலி கேட்க விரும்பியவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தை வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தனர். யப்பானில் வானொலியின் இயந்திரம் சைக்கிளுக்கு வந்தது. வடபகுதியில் சைக்கிளின் ஆற்றல் வானொலிக்குச் சென்றது. இரு நாட்டிலும் பஞ்சமே ஆசிரியனாயிற்று.

மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியதும் இக்காலத்திலேதான். இதன் நுட்பத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றுடன் கலக்கும். ஒரு பொறி பட்டதும் பற்றும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று. அது ஆவியாவதற்குச் சூடு வேண்டும். ஆதலால் குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை மண்ணெண்ணெயால் எழுப்ப முடியாது. சிறு போத்தலில் பொன்போற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் கார்புரேற்றருக்குட் செலுத்தி, உதைத்து, இயந்திரம் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இம்முறை வன்னிக்கு மட்டும் உரியதன்று. 1917ஆம் ஆண்டிலிருந்து உற்பத்தியான போர்ட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெயில் உழுதது. பொறியியலாளர் நூல்களில் எழுதி வைத்ததை, வன்னியின் திருத்துநர்கள் தேவையின் நெருக்கடியாற் கண்டு கொண்டனர்.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குறையும் உண்டு. சிலிண்டரில் அழுத்தம் மிகுந்தால், எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னரே அது தானாக வெடித்துப் பிஸ்ரனைச் சம்மட்டி போல் அடிக்கும். அழுத்தத்தைக் குறைக்கச் சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையே தடித்த காஸ்கற் இடுவதும், பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்வதும் இதற்குரிய பரிகாரங்கள். இன்று பழைய இயந்திரமொன்றைத் திறப்பவர் அங்கே இரட்டைக் காஸ்கற் கண்டால் திகைக்க வேண்டியதில்லை. அது தவறு அன்று, தடைக்காலத்தின் கையெழுத்து.

ஆனால் இயந்திரம் அதற்கு விலை கொடுத்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் கரியாகி வால்விலும் புகைக்குழாயிலும் படிந்தது. எஞ்சியது பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, மசகெண்ணெயை நீர்த்துப் போகச் செய்தது. எண்ணெய் நீர்த்தால் உலோகம் உலோகத்தை உராயும். அதனால் தேய்வு விரைந்தது.

2002ஆம் ஆண்டு போர் நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்தபோது பெற்றோல் தாராளமாயிற்று. 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் மக்கள் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து கிழக்கே பெயர்ந்து பெயர்ந்து, இறுதியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தைச் சேர்ந்தனர். குடும்பத்தையும் பாத்திரம் பண்டங்களையும் அவ்வளவு தூரம் கொண்டு வந்த வாகனங்கள் பலவும் அங்கேயே கைவிடப்பட்டன. மே மாதத்தில் போர் முடிந்தபோது சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் ஆயிரக்கணக்கில் முள்ளிவாய்க்கால் மணலிற் கிடந்தன. உப்புக்காற்று அவற்றை அரித்தது. வன்னியில் இன்று பழைய வண்டியொன்றைப் புதுப்பிக்க எடுப்பவர் இவ்வரலாற்றை மறத்தலாகாது.

இனிப் புதுப்பிக்கும் முறையைக் காண்போம். முதற் பணி, எண்களைப் பார்ப்பது. சட்டகத்தில் ஓர் எண்ணும் இயந்திரத்தில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். துருவை மெல்லத் துடைத்து அவற்றைப் படித்து, பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். எண் அராவப்பட்டிருந்தால் அவ்வண்டியைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. புத்தகம் இல்லையாயின் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து உரிமையாளரை அறிந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, கழற்றுதல். அவசரம் இதன் பகை. கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் நட்டுகளையும் ஆணிகளையும் வெவ்வேறு தகரப் பேணிகளில் இட்டுப் பெயர் எழுதி வைப்பது நன்று. துருப்பிடித்து இறுகிய நட்டை வன்மையாகத் திருப்பினால் முறியும். துருநீக்கும் எண்ணெயை இட்டு ஓரிரு நாள் பொறுத்திருந்தால், பல வேளைகளில் அது தானே இளகும்.

மூன்றாவது, சட்டகமும் எண்ணெய்த் தாங்கியும். இவ்வகை வண்டியின் சட்டகம் இரும்புத் தகட்டை அழுத்தி, உள்ளே வெறுமையாக அமைக்கப்பட்டது. கடலோரத்தில் கிடந்த வண்டி வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே அரிபட்டிருக்கலாம். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஓசையே உண்மையைச் சொல்லிவிடும். தாங்கியின் உட்துருவைப் போக்க, சலவைச் சோடா கலந்த வெந்நீரால் முதலிற் கழுவி, பின் வினாகிரி போன்ற மென்மையான அமிலத்தை ஊற்றி வைத்து, மீண்டும் சோடா நீரால் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். உலர்ந்த தாங்கியை ஒருபோதும் நெருப்பினால் ஒட்டக் கொடுத்தலாகாது. அதனுள் நிற்கும் ஆவி வெடிகுண்டுக்கு ஒப்பானது. நன்கு கழுவி, ஒட்டுமிடம் தவிர மற்ற இடமெல்லாம் நீர் நிரப்பிய பின்னரே அவ்வேலையை, அனுபவமுள்ளவர் கையால், செய்விக்க வேண்டும்.

நான்காவது, இயந்திரம். கரியைச் சுரண்டி எடுத்து, வால்வுகளை இருக்கையில் அரைத்துப் பொருத்த வேண்டும். சிலிண்டரின் மேற்புறம், நடு, அடி ஆகிய மூன்று இடங்களில் அளவெடுத்தால் தேய்வு தெரியும். தேய்ந்திருந்தால் கடைசற் பட்டறையில் துளையைப் பெருப்பித்து, கால் மில்லிமீற்றர் அல்லது அரை மில்லிமீற்றர் பெரிய பிஸ்ரன் இடலாம். இரட்டைக் காஸ்கற்றை நீக்கி ஒன்றாக்கி, பொறி விழும் நேரத்தைச் சுழற்சில்லிலுள்ள 'எஃப்' என்னும் குறிக்கு மீட்டு வைக்க வேண்டும். வால்வு இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், 0.05 மில்லிமீற்றர். இவையெல்லாம் ஒழுங்காயின், பல ஆண்டு மௌனத்தின் பின் வண்டி வாய் திறந்து பேசும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. ரயர், ரியூப், பிறேக் கட்டை, வயர், செயின் ஆகியவற்றில் பழமை பாராட்டுதல் கூடாது. இவை புதியனவாகவே இருத்தல் வேண்டும். பழைய ரயர் பார்வைக்கு நன்றாயிருப்பினும் இறப்பர் இறுகியிருக்கும், மழையில் வழுக்கும்.

அடுத்து, தன் விருப்பப்படி மாற்றியமைத்தல் பற்றிச் சொல்ல வேண்டும். மங்கலான பழைய விளக்கிற்குப் பதிலாக ஒளிமிக்க விளக்கு, ஒருவருக்கு இருந்த இருக்கையை இருவருக்கு நீட்டுதல், வேறு நிறம் பூசுதல் ஆகியவற்றை இளைஞர் விரும்புவது இயல்பே. யானைகள் வீதியைக் கடக்கும் காட்டோரப் பகுதிகளில் நல்ல விளக்கு அலங்காரமன்று, அவசியம். ஆயினும் நிறமோ இயந்திர எண்ணோ மாறினால் பதிவிலும் திருத்தம் செய்ய வேண்டும் என்பதை மறத்தலாகாது. புகைக்குழாயின் அடைப்பை நீக்கி ஓசை பெருக்குவதால் வேகம் கூடும் என்பது தவறான எண்ணம். சிறிய இயந்திரத்தில் அது பெரும்பாலும் அயலாரின் உறக்கத்தை மட்டுமே கெடுக்கும்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. வண்டியை அதன் மூலநிலைக்கு மீட்பது என்றால், எந்த மூலநிலை? யப்பானிய அஞ்சற் சேவகன் ஓட்டிய சிவப்பு வண்டியா? அல்லது நெல்மூட்டை சுமப்பதற்காகப் பின்தட்டில் இரும்புச் சட்டம் ஒட்டி, தாங்கியருகே பெற்றோற் போத்தல் கட்டிய வன்னி வண்டியா? மேனாட்டுப் புதுப்பிப்போர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளையே மூலநிலையாகக் கொள்வர். அவ்விதியை வன்னியில் அப்படியே பின்பற்றினால், அவ்வண்டியின் வாழ்வில் மிகச் சிறந்த பகுதி அழிந்து போகும். வன்னித் திருத்துநர் ஒருவர் கையில் கிடைத்த தகரத்தால் செய்து பொருத்திய ஒரு பகுதி, ஆபத்து விளைவிக்காதாயின், அங்கேயே இருக்கட்டும். இயந்திரத்திலிருந்து கழற்ற நேர்ந்த இரட்டைக் காஸ்கற்றையும் எறிந்துவிடாது, ஒரு பெட்டியில் இட்டுப் பேணுதல் நன்று. ஒரு சமூகம் எவ்வாறு உயிர் தாங்கியது என்பதற்கு அச்சிறு பொருள்கள் சான்று கூறும்.

சட்டகத்தின் எண்ணோ எல்லாவற்றிலும் பெரிய சான்று. மற்றைய நாடுகளில் அது உரிமைப் பத்திரத்துக்குரிய ஓர் இலக்கம் மட்டுமே. வன்னியில் அதற்கு மேலும் பொருள் உண்டு. 2009ஆம் ஆண்டில் காணாமற் போன தம் உறவினரை இன்றுவரை தேடும் குடும்பங்கள் பல இங்கு உள்ளன. மகன் கடைசியாக ஏறிச் சென்ற வண்டியின் எண்ணைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கும் தாய்க்கு, அந்த எண் ஒரு முகவரி. ஆகவே நிறம் பூசுபவர் அவ்விடத்தை மூடிவிடாது துலக்கமாக விடுதல் வேண்டும். வண்டி கிடைத்த இடம், நாள், விற்றவர் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். உரியவர் ஒருவர் வந்து கேட்டால், செலவழித்த பணத்தையும் உழைப்பையும் எண்ணித் தயங்காது, பேசித் தீர்க்கும் மனமும் வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தவர் வண்டியை வெளியே எடுக்கலாம். கண்டி வீதியில் முறிகண்டியை அடைந்ததும், வழிவழி வந்த வழக்கப்படி நிறுத்தி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டு, அளவான வேகத்திற் பயணத்தைத் தொடரலாம்.